கிழிஞ்ச சன் வைசரைத் தூக்கிப் போடாதீங்க! பழைய காரின் வைசரை குறைந்த செலவில் மீட்பது எப்படி?

அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்குபவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது இன்ஜினுக்கு. அடுத்து டிங்கரிங், பெயின்ட். அதன்பிறகு சீட். இதெல்லாம் முடிந்து, பளபளக்கும் காரில் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்கும், ஓரம் பிளந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் வெளியே தெரியும் அந்தச் சன் வைசர்!

'இதை மாத்திட்டா போச்சு' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் மாற்றுவதற்குப் புதுசு கிடைக்க வேண்டுமே? பிரீமியர் பத்மினியின் உற்பத்தி 2000-ஐ ஒட்டி நின்றுவிட்டது. அம்பாசடர் 2014-ல் நின்றது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் பல ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் அலைந்தால் ஒரு ஜோடி கிடைக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் காரில் இருப்பதைப் போலவே முப்பது, நாற்பது வருட வெயிலைப் பார்த்ததாகத்தான் இருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான வைசர்களில் கெட்டுப்போவது மேலே இருக்கும் 'தோல்' மட்டும்தான். உள்ளே இருக்கும் கம்பி, பலகை, பிராக்கெட் எல்லாம் பெரும்பாலும் தேறும். தோலை மாற்ற அரை மீட்டர் ரெக்சின் போதும்!

முதலில்... இது அழகுப் பிரச்சினை மட்டும்தானா?

இல்லை. மாலை நேரத்தில் சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். மேற்கே இறங்கும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். அந்தக் கூச்சத்தில் முன்னால் போகும் லாரியின் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது. காலையில் சென்னையை நோக்கித் திரும்பி வரும்போதும் இதே கதைதான். வைசர் அந்த நேரத்துக்காக வைத்தது.

ஆனால் பிடிமானம் போன வைசர், இல்லாததைவிட மோசம். மேலே தள்ளிவிட்டாலும், ஸ்பீடு பிரேக்கரில் கார் குலுங்கும்போது 'டொப்'பென்று கீழே விழுந்து பார்வையை மறைக்கும். ஓட்டுபவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் இருந்து எடுத்து அதைத் தள்ளுவார். அந்த ஒரு விநாடி போதும்.

'வைசர் எதுக்கு, கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கலாமே?' என்றால், அதற்கும் வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-ல் உச்ச நீதிமன்றமே தடை விதித்தது. ஆக, வைசரைச் சரிசெய்வதுதான் ஒரே வழி.

வைசருக்குள்ளே என்னதான் இருக்கு?

சாண்ட்விச் மாதிரி யோசித்துக்கொள்ளுங்கள்.

- நடுவில்: ஹார்டுபோர்டு அல்லது கெட்டி அட்டை. சில மாடல்களில் வெறும் கம்பிச் சட்டம்.
- அதன் மேல்: இரண்டு பக்கமும் மெல்லிய ஃபோம். நம்ம ஊரில் ஸ்பாஞ்ச் என்போம்.
- வெளியே: ரெக்சின் உறை. அதாவது, துணி மேல் பி.வி.சி. பூசிய ஷீட்.
- மேல் விளிம்பில்: ஒரு உலோகக் கம்பி. அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் அல்லது ஸ்குரூ.
- கடைசியாக: இதையெல்லாம் கார் கூரையோடு சேர்க்கும் பிராக்கெட்.

பல வைசர்களின் ஓரத்தில் தையலே இருக்காது. தொழிற்சாலையில் மின்சார வெப்பத்தால் இரண்டு ரெக்சினையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். இந்த ஓரம் ஒருமுறை பிளந்தால், வீட்டில் அயர்ன் பாக்ஸை வைத்து மறுபடி ஒட்ட முடியாது. முயன்றால் ரெக்சின் சுருங்கிப் பொசுங்கிவிடும். அதனால்தான் கீழே சொல்லும் முறையில் தையலைப் பயன்படுத்துகிறோம்.

ஏன் கெட்டுப்போகிறது?

காரணம் நம்ம வெயில்தான். ஆனால் அது செய்யும் வேலை கொஞ்சம் சுவாரசியமானது.

பி.வி.சி. இயல்பில் குழாய் மாதிரி கெட்டியான பொருள். அதை மடங்கும் ரெக்சினாக மாற்ற, ஒருவகை இளக்கும் எண்ணெயைக் கலக்கிறார்கள். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் ஆண்டுக்கணக்காக இந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். பழைய காரின் கண்ணாடியில் உள்பக்கம் படியும் பிசுபிசுப்பான மங்கல் இருக்கிறதே, அதில் இந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. எண்ணெய் போகப் போக ரெக்சின் இறுகும், சுருங்கும், கடைசியில் ஓரத்தில் பிளக்கும்.

ஃபோமின் எதிரி வேறு: காற்றில் இருக்கும் ஈரம். சூடும் ஈரமும் சேர்ந்து ஃபோமை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். பழைய வைசரைத் தட்டினால் மஞ்சள் பொடி கொட்டுவது இதனால்தான். அது வெளியிலிருந்து புகுந்த தூசு அல்ல, ஒருகாலத்தில் ஃபோமாக இருந்தது.

உங்கள் வைசர் எந்த ஸ்டேஜ்?

எல்லா வைசருக்கும் புது உறை தேவைப்படாது. முதலில் ஒரு சின்ன டெஸ்ட். ஓரத்தை விரலால் மெதுவாக மடக்கிப் பாருங்கள்.

- மடங்குகிறது, அழுக்கு மட்டும்தான்: கழுவினாலே போதும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், ஈரத்துணி. பூஞ்சை இருந்தால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரில் முக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அட்டை ஊறினால் முடிந்தது கதை.
- மடங்குகிறது, நிறம் போய்விட்டது: ரெக்சினுக்கென்றே விற்கும் வினைல் ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம். சாதாரண பெயின்ட் அடித்தால் மடங்கும் இடத்தில் உரியும். ஒரே தடவையில் தடிமனாக அடிக்காமல், மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும்.
- மடக்கினால் 'கரக்' என்று சத்தம் வருகிறது, பொடி கொட்டுகிறது, ஓரம் பிளந்திருக்கிறது: புது உறைதான் ஒரே வழி.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் போனை எடுங்கள். வைசர் காரில் இருக்கும்போதே நான்கு கோணங்களில் போட்டோ எடுத்துவிடுங்கள். தையல் எந்தப் பக்கம், பைப்பிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மடித்தால் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்பதெல்லாம் பிறகு நினைவில் இருக்காது.

கழற்றியதும் 'இடது', 'வலது' என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்குரூக்களைத் தனித்தனிக் கவரில் போடுங்கள். பழைய காரின் கூரையில் ஸ்குரூ போகும் ஓட்டை ஏற்கெனவே தேய்ந்திருக்கும். தவறான ஸ்குரூவை அழுத்தி முறுக்கினால் ஓட்டை பெரிதாகிவிடும்.

பழைய உறையைக் கிழித்து எடுக்காமல், பிளேடால் ஓரத்தை மட்டும் அறுத்துப் பிரித்தெடுங்கள். அது எவ்வளவு கந்தலாக இருந்தாலும் குப்பைக்குப் போகக்கூடாது. வளைவு, கிளிப் வரும் இடம், கம்பி நுழையும் துளை எல்லாவற்றுக்கும் அதுதான் அச்சு. ஃபோம் பொடி பறக்கும் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துப் பிரிப்பது நல்லது.

என்னென்ன வாங்கணும்?

- ரெக்சின், அரை மீட்டர்: கடைகளில் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில், அதாவது சுமார் 137 செ.மீ. அகலத்தில் கிடைக்கும். ஒரு வைசர் 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம் என்றால், இரண்டு வைசருக்கும் தேவையான நான்கு துண்டுகளும் இதிலேயே அடங்கும். பின்புறம் பனியன் துணி போலப் பின்னல் இருக்கும் ரெக்சினாகக் கேளுங்கள். வளைவுகளில் இழுத்துப் பொருத்த அதுதான் வசதி.
- ஃபோம் ஷீட், 5 மி.மீ. தடிமன்: அதற்கு மேல் தடிமனாகப் போட்டால் வைசர் தலையணை மாதிரி உப்பும், கூரையோடு ஒட்டி மடங்காது.
- பசை: சோபா, செருப்பு வேலைக்குப் பயன்படுத்தும் ரப்பர் பசை. காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நிற்காது.
- நூல்: பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும்.
- ஹார்டுபோர்டு, 3 மி.மீ.: பழைய பலகை உப்பியிருந்தாலோ, உடைந்திருந்தாலோ மட்டும்.

தையலை நீங்களே போட்டால் மொத்தச் செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ரெக்சின் கடையில் 'துண்டு இருக்கா அண்ணா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ரோலில் மிஞ்சிய துண்டு இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். நிறத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். காரின் கூரைத் துணியில் ஒரு ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்காமல், முடிந்தால் பழைய உறையின் மடிப்புக்குள் இருக்கும் வெளுக்காத துண்டையே வெட்டி எடுத்துப் போங்கள். அதுதான் உண்மையான ஒரிஜினல் நிறம். பளபளக்கும் ரெக்சின் வேண்டாம். அதன் பிரதிபலிப்பு முன் கண்ணாடியில் தெரியும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: புது உறை போடுவது எப்படி?

1. அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். பழைய உறையை வைத்து அப்படியே வரைந்து வெட்டுவார்கள். ஆனால் அந்த உறைதான் சுருங்கிவிட்டதே! அதனால் உருவத்துக்குப் பழைய உறை, அளவுக்குப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை நியூஸ் பேப்பரில் வைத்து வரைந்து, சுற்றிலும் 15 மி.மீ. கூட்டுங்கள். அதில் 5 மி.மீ. ஃபோமின் தடிமனுக்கு, 10 மி.மீ. தையலுக்கு.

2. ஒத்திகை. ரெக்சினை வெட்டும் முன், வேண்டாத பழைய துணியில் ஒரு உறை தைத்துப் போட்டுப் பாருங்கள். துணியில் தப்பு நடந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். ரெக்சினில் ஊசி போட்ட துளை மறையவே மறையாது.

3. பலகை, ஃபோம். பலகையில் ஒட்டியிருக்கும் பழைய பொடியைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பலகை, ஃபோம் இரண்டிலும் மெல்லிசாகப் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பசை ஃபோமுக்குள் இறங்கிக் கட்டிதட்டும். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

4. தையல். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கமும் உள்ளே இருக்கும்படி வைத்து, மூன்று பக்கம் மட்டும் தையுங்கள். கம்பி வரும் மேல் பக்கம் திறந்திருக்கட்டும். தையல் ரொம்ப நெருக்கமாக இருக்கக்கூடாது. நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே ரெக்சின் கிழியும். வளைவு வரும் இடங்களில், தையலைத் தொடாமல் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் திருப்பும்போது சுருக்கம் விழாது.

5. உள்ளே நுழைப்பது. உறையைத் திருப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் போடுங்கள். ரெக்சின் இளகும். ஃபோம் ஒட்டிய பலகையை மெல்லிய பாலிதீன் கவரில் சுற்றி உள்ளே தள்ளுங்கள். ஃபோம் பிடித்து இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மூலைகள் சரியாக உட்கார்ந்ததும் கவரை மட்டும் உருவிவிடலாம்.

6. மூடுவது. கம்பியையும் கிளிப்பையும் பொருத்தி, திறந்திருக்கும் மேல் பக்கத்தை உள்ளே மடித்துக் கையால் தையுங்கள். வளைந்த ஊசி இருந்தால் வேலை சுலபம். இந்தத் தையல் வைசரை மடித்து வைக்கும்போது கூரையோரம் மறைந்துவிடும் என்பதால், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கவலையில்லை.

தொங்குற வைசர் நிக்கணுமே?

உறை புதுசாகி, பிடிமானம் பழசாகவே இருந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். உறை பிரித்திருக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள்.

கம்பியில் துரு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். துரு சொரசொரப்பாக இருக்கும்வரை கிளிப்பையும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும். ஸ்குரூ வைத்த மாடல் என்றால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப் என்றால், பிளையரால் மெதுவாக அழுத்தி வாயைக் குறுக்கலாம். பழைய ஸ்பிரிங் தகடு படக்கென்று ஒடியும், ஜாக்கிரதை.

அதற்கும் நிற்கவில்லையா? எலெக்ட்ரிகல் கடையில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கிடைக்கும். கிளிப் கவ்வும் இடத்தில் மட்டும் கம்பி மேல் மாட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும். கம்பி கொஞ்சம் பருத்துவிடுவதால் கிளிப் இறுக்கமாகப் பிடிக்கும். ஹேர் டிரையரின் சூடு பத்தவில்லை என்றால், ஹீட் கன் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றாதீர்கள். வெயிலில் அதன் பசை உருகி, புது ரெக்சினில் கறையாக இறங்கும்.

மாட்டி முடித்ததும் ஒரு டெஸ்ட்: நான்கைந்து ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறி இறங்குங்கள். வைத்த இடத்தில் நின்றால் பாஸ்!

'எனக்குத் தைக்கவே வராதே...'

பிரச்சினையில்லை. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு கார் சீட் கவர் கடைகளுக்குப் பெயர்போனது. மற்ற ஊர்களில் 'குஷன் ஒர்க்ஸ்' போர்டு மாட்டிய கடை ஒன்றாவது இருக்கும். பேக், ரெக்சின் கவர் தைப்பவர்களிடமும் கொடுக்கலாம். அவர்களின் மெஷின் தடித்த ரெக்சினை அநாயாசமாகத் தைக்கும்.

செலவு குறைய ஒரு வழி: காரையே கடையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வைசரை நீங்களே கழற்றி, பலகையைச் சுத்தம் செய்து, ஃபோம் ஒட்டி, ரெக்சினையும் வெட்டி எடுத்துப் போங்கள். தையல் கூலி மட்டும்தான் கேட்பார்கள். கொடுக்கும்போது மறக்காமல், "அண்ணா, பழைய கவரையும் கம்பியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, திரும்ப வேணும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழசு நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

- பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பது. அந்த நேரத்துக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ரெக்சினில் மிச்சமிருக்கும் இளக்கும் எண்ணெயையும் அது உறிஞ்சி எடுத்துவிடும்.
- பலகைக்குப் பதில் தகரம். வைசர் இருப்பது தலைக்கு நேரே. சடன் பிரேக்கில் தலை மோதினால் தகர விளிம்பு வெட்டும்.
- விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்போர்டு. இலேசானதுதான், வெட்டுவதும் சுலபம். ஆனால் வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் வளைந்துவிடும்.
- ஸ்டேப்ளர் பின். துருப்பிடிக்கும், ஒருநாள் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்று: இந்த முறை பழைய கார்களுக்கானது. லைட் வைத்த வைசர், ஏர்பேக் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிய வைசர் உள்ள இன்றைய கார்களில் இதை முயல வேண்டாம்.

புதுசு வாங்கி மாட்டினால் என்ன தப்பு?

ஓட்டுவதற்கு மட்டும்தான் கார் என்றால் தப்பே இல்லை. ஆனால் வேறு மாடல் வைசரைப் பொருத்தக் கூரையில் புது ஓட்டை போட வேண்டியிருக்கும். அந்த ஓட்டையைத் திரும்ப மூடுவது வைசரைத் தைப்பதைவிடப் பெரிய வேலை.

தவிர, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஒரு வைசரை மாற்றியதற்காக யாரும் விண்டேஜ் இல்லை என்று சொல்லப்போவதில்லைதான். ஆனால் அசல் காரின் மதிப்பு ஒரே நாளில் போவதில்லை. இன்று வைசர், நாளை கைப்பிடி, அடுத்து மீட்டர் என்று ஒவ்வொன்றாகத்தான் போகும். கடைசியில் பெயர்ப்பலகை மட்டும்தான் ஒரிஜினலாக மிஞ்சும்.

மறுபடி கெடாமல் இருக்க...

முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், முன் கண்ணாடிக்கு உள்பக்கம் மடக்கு ஷேடு வைத்து, அதைத் தாங்க வைசரைக் கீழே இறக்கிவிடுங்கள். பார்க்கிங் டோக்கன், சில்லறை, சாமி படம், பழைய பில் என்று எல்லாவற்றையும் வைசரில் செருகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தையலும் கிளிப்பும் சீக்கிரம் தளர அதுவே போதும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வேறு ஸ்பிரே எதுவும் தேவையில்லை.

பிரித்தெடுத்த பழைய உறையையும், பேப்பரில் வெட்டிய அச்சையும் ஒரு கவரில் போட்டு, கார் மாடலை எழுதி வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கே தேவைப்படலாம். இல்லையென்றால், அதே மாடலை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு!